லோடு வைத்து ஓட்டிப் பார்

ஆன்ட்ரூசின் தாடையை சிஜோ உடைத்தது ஒரே அடியில். இரண்டாவது அடிக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று. போன கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் முந்தி, இராஜாக்கமங்கலத்துக் கடற்கரையில், பட்டப்பகலில், ஊரே மீன் ஏலத்துக்குக் கூடி நின்ற இடத்தில் நடந்தது. ஒருத்தன் வலை இன்னொருத்தன் வலையில் சிக்கிய தகராறு, அவ்வளவுதான். ஆன்ட்ரூஸ் அப்படி என்னதான் சொன்னான் என்று கேட்டால் சிஜோவுக்கே நினைவில்லை. அவனுக்கு வாய் திறக்குமுன் கை பேசிவிடும். ஒன்பதாம் வகுப்பில் வாத்தியாரின் சட்டையைப் பிடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவன். இப்போது இருபத்தெட்டு வயது. வயது ஏறியதே தவிர கை இறங்கவில்லை.

"கோவம் வந்தா கடல்ல சாடி நீந்துல மூதி, இல்லன்னா செவுத்துல போயி முட்டுல" என்று அவன் அம்மை வேளாங்கண்ணி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கேட்டால்தானே!

அந்தத் தாடைக்குக் கிடைத்த கூலி, ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்த நன்னடத்தைப் பத்திரம். ஒரு வருஷத்துக்கு எவன்மேலும் கை வைக்கக் கூடாது. வைத்தால் மிச்ச நாளெல்லாம் ஜெயில். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று தங்கச்சி அபினா அவனை நேரே கல்சிலுவை நிற்கிற கடற்கரைக் குருசடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இஞ்ச தொட்டுச் சொல்லுண்ணே. ஆளு மேல கை வைக்க மாட்டேன்னு சொல்லு."

"வைக்க மாட்டேம்டி. போதுமா?"

"கல்லைத் தொட்டுச் சொல்லு."

தொட்டான். தொட்டபோது மனதார நினைத்துத்தான் தொட்டான், அதில் பொய் இல்லை. உலகத்தில் அவன் ஒருத்திக்குப் பயப்படுவான் என்றால் அது அபினாவுக்குத்தான். ஆறு வயது இளையவள். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். அவள் மேசையில் உட்கார்ந்து வள்ளத்தின் அடிப்பாகத்தைக் கோடு கோடாக வரைவதைப் பார்த்தால் சிஜோ சத்தம் காட்டாமல் சுவரோரம் போவான். வீட்டில் ஒருத்தராவது கையை நம்பாமல் மூளையை நம்பிச் சோறு தின்ன வேண்டும் என்பது அவன் வெறி. அவளைவிட அவனுக்குத்தான் அந்த வெறி அதிகம்.

அந்த நாளும் வந்தது. கொச்சியில் மீன்பிடிப் படகு டிசைன் செய்கிற ஒரு கம்பெனி, முதல் சுற்றில் தேறியவர்களுக்கு இரண்டாம் சுற்றுப் பரீட்சை வைத்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிவரை. அவரவர் வீட்டில், அவரவர் லேப்டாப்பில், கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு படகை த்ரீ-டியில் வரைய வேண்டும். அலை மோதினால் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழும் என்று மெஷினைக் கணக்குப் போட வைக்க வேண்டும். எந்த லேப்டாப்பை முன்கூட்டிப் பதிகிறார்களோ அதில்தான் எழுத வேண்டும். நடுவில் மெஷின் நின்றுபோனால் பரீட்சையும் போச்சு. அடுத்த வாய்ப்பு கிடையாது. அபினாவிடம் இருந்த பழைய லேப்டாப்போ, கோப்பைத் திறப்பதற்குள் நாம் சாயா குடித்துவிட்டு வந்துவிடலாம், அவ்வளவு சுறுசுறுப்பு.

"வாங்குவோம்" என்றான் சிஜோ. "எது வேணுமோ அத வாங்குவோம். எஞ்சின் எடுக்கிற மாதிரி பாத்து எடுப்போம்."

*

குழித்துறைப் பாலத்துக்குப் பக்கத்தில் விபினும் அவன் மனைவி பெமிலாவும் கடை வைத்திருந்தார்கள். பெமிலா கல்லூரியில் அபினாவுக்கு சீனியர். விபின் கல்ஃபில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், ஒல்லி, அதிர்ந்து பேசாதவன். விற்பது பெமிலா. ரிப்பேர் விபின். பூதக்கண்ணாடிக்குக் கீழே அரிசியைவிடச் சின்னச் சாமானை ஊசிமுனையால் பற்றவைக்கிற கை அவனுக்கு. செத்துப்போன போர்டென்று மற்றவர்கள் கைவிட்டதெல்லாம் களியக்காவிளையிலிருந்துகூட அவனைத் தேடி வரும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் முந்தி அண்ணனும் தங்கச்சியும் போய் நின்றபோது விபின் மேசைமேல் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தான். ஒன்று வெள்ளி நிறம், நோட்டுப் புத்தகம்போல் மெல்லிசு. இன்னொன்று கறுப்பு, தடியன், அம்மிக்கல் கனம். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"இதுல என்ன எழுதியிருக்கு? ஐ-செவன். அதுல?" சிஜோ குனிந்து பார்த்தான். "ஐ-ஃபைவ். ஏழு பெரிசா அஞ்சு பெரிசா? இதத் தான் எடுக்கணும்."

"அண்ணே, அந்த நம்பர மட்டும் வெச்சுப் பாக்கக் கூடாது" என்றான் விபின். "இந்த மெல்லிசுல தனி கிராபிக்ஸ் கார்டு கெடயாது. தங்கச்சி செய்யுத சோலி த்ரீ-டி. அதுக்குக் கார்டு வேணும். ரேம் பதினாறாவது வேணும். அதுக்கெல்லாம் மேல, சூட்ட வெளிய தள்ளணும். சூடேறிச்சுன்னா பிராசசரு தன்னால வேகத்தக் கொறச்சுரும். பொறவு ஏழுன்னு எழுதியிருந்து என்ன காரியம்?"

சிஜோவின் கழுத்து நரம்பு புடைத்தது. விற்காமல் கிடக்கிற தடியனைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று பட்டுவிட்டது அவனுக்கு. கடல் தெரியாத மேட்டுக்காரன் கடை, ஏ.சி.க் குளிர், கண்ணாடி, தன் காலில் கடல்மண். "கடப்புறத்தான்னா எதயும் தலையில கட்டிரலாம்னு பாக்கியா?" என்று ஓரடி முன்னால் வைத்தான்.

"அண்ணே!" என்றாள் அபினா. ஒரே சொல். அவன் நின்றான்.

பெமிலா நிலைமையைப் பார்த்துவிட்டு, "குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?" என்று கேட்டாள்.

"செரி" என்றான் சிஜோ. "ரெண்டையும் லோடு வெச்சு ஓட்டிக் காட்டு. டிரம்முல எல்லா எஞ்சினும் பாட்டுப் பாடும்."

கடப்புறத்தில் அவுட்போர்டு எஞ்சின் வாங்கப் போனால், விற்கிறவன் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் காலை அதில் முக்கி ஓட்டிக் காட்டுவான். கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். அதை நம்பி வாங்குகிறவன் மடையன். வள்ளத்தில் மாட்டி, ஆளும் வலையும் ஏற்றி, கரையில் உடைகிற அலையைத் தாண்டச் சொல்ல வேண்டும். அப்போது இழுத்தால் எஞ்சின், இருமினால் பழைய இரும்பு. சிஜோ பதினாலு வயதிலிருந்து எஞ்சின் பார்க்கிறவன். எஞ்சின் விஷயத்தில் அவனை ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வர வேண்டும்.

விபின் முகம் மலர்ந்துவிட்டது. "இதத் தாண்ணே நான் வாறவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லுதேன். ஒருத்தன் கேக்க மாட்டான். கலரப் பாத்து எடுத்துட்டுப் போவான்."

அபினா பென் டிரைவிலிருந்து தான் வரைந்த படகை இரண்டு மெஷினிலும் ஏற்றினாள். இரண்டிலும் ஒரே நேரத்தில் கணக்கை ஓட விட்டார்கள். மெல்லிசு முதல் ஐந்து நிமிஷம் பறந்தது. சிஜோ, பார்த்தாயா என்பதுபோல் பார்த்தான். ஏழாவது நிமிஷம் படகைத் திருப்பினால் அரைக்கணம் கழித்துத் திரும்பியது. பத்தாவது நிமிஷம் விக்கி விக்கி நின்றது. அடியில் கை வைத்துப் பார்த்தான். தோசைக்கல். தடியனோ முதல் நிமிஷமே ஃபேனை அலற விட்டது. கடையையே அடைத்த இரைச்சல். ஆனால் பதினைந்தாவது நிமிஷத்திலும் படகு திருப்பிய கையோடு திரும்பியது.

"கொள்ளாமே!" என்றான் சிஜோ. அந்த இரைச்சல் அவனுக்குப் பிடித்துப் போயிற்று. "இது எஞ்சின். மத்தது வெறும் பாட்டுப் பெட்டி. இத எடு மக்கா."

அவ்வளவு சரியாகத் தேர்ந்தெடுத்தான் பாவி. அதோடு விட்டிருக்கலாம்.

பெமிலா பில் போடுகிற நேரத்தில் வெளியே 'டம்' என்று சத்தம். பின்னால் எடுத்த ஒரு மீன் வேன் சிஜோவின் பைக்கைச் சாய்த்துப் போட்டிருந்தது. சிஜோ கடையிலிருந்து பாய்ந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு சுவரில் அடித்து அதிர்ந்தது. டிரைவரைச் சட்டையோடு ஜன்னல் வழியாகப் பாதி வெளியே இழுத்துவிட்டான். ஓங்கிய கை மேலே போனபோது குருசடிக் கல் நினைவுக்கு வந்தது. வந்து என்ன, ஓங்கிய கை எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? வேனின் பக்கக் கண்ணாடியில் இறங்கியது. கண்ணாடி நொறுங்கி, தண்டு ஒடிந்து ரோட்டில் கிடந்தது. முட்டியில் ரத்தம். கூட்டம் கூடி, நீயா நானா என்று கத்தி, கால் மணி நேரம் போயிற்று.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் உள்ளே விபின் கறுப்பு மெஷினை மறித்து, அடி மேலாகப் போட்டு, அபினாவிடம் காட்டினான். "இஞ்ச பாத்தியா, அடியில இந்தக் கம்பி ஓட்டை எல்லாம்? இது வழியாத்தான் காத்து இழுக்கும். பின்னால வழியாச் சூட்டத் தள்ளும். மெத்தையில வெச்சு ஓட்டாத. இத அடச்சா மெஷின் செத்துப் போவும்."

அபினா தலையாட்டினாள். சிஜோ கேட்கவில்லை. அவன் ரோட்டில் நின்று, "ஆளத் தொடலல்லா? கண்ணாடியத் தானே தொட்டேன்!" என்று நியாயம் பேசிக்கொண்டிருந்தான். அந்த நாலு வார்த்தையை அவன் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

*

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. அபினாவும் வேளாங்கண்ணியும் பூசைக்குப் போனார்கள். சிஜோ வீட்டில் தனியாக லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வீட்டில் உப்புக்காற்று தின்னாத பொருள் கிடையாது. ஜன்னல் கம்பியைத் தின்றது. டிவியின் பின்பக்கத்தை இரண்டே வருஷத்தில் பச்சையாகப் பூக்க வைத்தது. போன வருஷம் வாங்கிய மேசை ஃபேனின் வலை விரலால் தொட்டால் பொடிகிறது. அவன் லேப்டாப்பைத் திருப்பினான். அடியில் வரிசை வரிசையாக ஓட்டை! இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு, காற்று நுழையட்டும் என்று திறந்து போட்டுக் கொடுத்திருக்கிறானே படுபாவி என்று நினைத்தான். எஞ்சினின் தலையை அவன் கரையேறியதும் துடைத்து, கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் ஷீட்டால் பொதிந்து கட்டுவான். ஒரு துளி உப்பு உள்ளே போக விட மாட்டான். அப்படிப் பார்த்துக்கொண்டதால்தான் ஒன்பது வருஷமாக அவன் எஞ்சின் ஓடுகிறது.

வயரிங்குக்குப் போடுகிற கறுப்பு டேப்பை எடுத்தான். பிளேடால் அளவு பார்த்து வெட்டி, ஒவ்வொரு வரிசையாக, ஒரு சுருக்கம் விழாமல் ஒட்டினான். மீனவன் கை, வேலை சுத்தம். கறுப்பில் கறுப்பு, குனிந்து பார்த்தாலும் தெரியாது. பின்பக்க வழியை மட்டும் விட்டுவிட்டான். புகை போகிற வழியை அடைக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? தங்கச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள். பத்து வருஷம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், பார்த்தாயா ஒன்றும் ஆகவில்லை என்று.

திங்கட்கிழமையே மெஷின் கொஞ்சம் இழுத்தது. அபினா தன் படகில்தான் தப்பு என்று நினைத்தாள். கோடுகளைக் குறைத்தாள், மறுபடி வரைந்தாள். புதன்கிழமை ஒரு தடவை தானாக அணைந்தது. கரண்ட் கோளாறு என்று நினைத்தாள். மேசையில்தான் வைத்திருந்தாள், மெத்தையில் வைக்கவே இல்லை, அடியைத் திருப்பிப் பார்க்க அவளுக்கு என்ன காரணம்? வெள்ளிக்கிழமை காலையில் மாதிரிப் பரீட்சையை ஓட்டிப் பார்த்தாள். இருபது நிமிஷத்தில் மூன்று முறை செத்தது. விடிந்தால் பரீட்சை. அழுதுகொண்டே பெமிலாவுக்குப் போன் செய்தாள். "இப்பமே எடுத்துட்டு வா, அவரு பாத்துத் தருவாரு, பயப்படாத" என்றாள் பெமிலா. அபினா உடுப்பு மாற்ற உள்ளே போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சிஜோ கடலிலிருந்து வர வேண்டுமா!

"எதுக்குட்டி அழுக?"

"மெஷினு நின்னு நின்னு போவுதுண்ணே. கடையில நல்லா ஓடிச்சு. இப்ப என்னமோ..." என்றாள் அபினா உள்ளேயிருந்து.

கடையில் நன்றாக ஓடியது. வீட்டில் ஓடவில்லை. சிஜோவின் மண்டைக்குள் கணக்கு ஓடி ஒரு நொடியில் விடை வந்துவிட்டது. லோடு வைத்து ஓட்டிப் பார்த்தது ஒரு மெஷின். பெட்டியில் போட்டுக் கொடுத்தது இன்னொன்று. எப்போது மாற்றினான்? நான் ரோட்டில் நின்ற கால் மணி நேரத்தில். வேனைக்கூட அவனே ஏவி விட்டிருப்பான் கள்ளப்பயல்!

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சும்மா சொல்லவில்லை. லேப்டாப்பைச் சாக்குப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தான்.

"அண்ணே, நில்லு! நானும் வாறேன்!" அபினா வாசலுக்கு ஓடி வருவதற்குள் பைக் தெருமுனையில்.

வேளாங்கண்ணி மீன் சருவச்சட்டியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினாள். "எலேய், பத்திரம் இருக்குல! பத்திரம் இருக்குல மக்கா!"

*

வழியெல்லாம் அவன் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. கடைக்குள் நுழைந்தபோது விபின் பூதக்கண்ணாடியில் குனிந்திருந்தான். பெமிலா சிரித்துக்கொண்டு எழுந்தாள். "வாங்கண்ணே, அபினா வரலியா?"

சிஜோ மெஷினை எடுத்துக் கண்ணாடிக் கவுண்டர்மேல் வைத்தான். வைத்த வேகத்தில் கண்ணாடி அதிர்ந்தது.

"எலேய், உள்ள என்ன சாமான மாத்துன?"

"என்னது?" விபின் எழுந்து கவுண்டருக்கு இந்தப்பக்கம் வந்தான்.

"லோடு வெச்சுப் பாத்தது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு. என் தங்கச்சிக்கு நாள பரீட்சல! அவ வாழ்க்கயே அதுதாம்ல! சொல்லுல, எத மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலண்ணே. சத்தியமா. இஞ்ச தாங்க, ஒண்ணு மறிச்சுப் போட்டுப் பாத்தா என்னான்னு..."

விபின் கையை நீட்டினான். மெஷினை வாங்கத்தான் நீட்டினான். சிஜோவுக்கு, தடயத்தை மறைக்கப் பார்க்கிறான் என்று பட்டது. அடி விபினின் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று பாதியில் ஒடிந்தது. விபின் பின்னால் சரிந்து, பிடிக்கக் கை வீசி, வலது கையோடு கவுண்டர் கண்ணாடிக்குள் போனான். கண்ணாடி வெடித்த சத்தத்தில் பாலத்தில் போகிறவன்கூடத் திரும்பினான்.

"ஐயோ விடுங்க! அவரு ஒண்ணும் செய்யல!" பெமிலா அவன் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். அது அவனுக்கு உறைக்கவே இல்லை. கை இன்னும் கண்ணாடிக்குள் இருக்கும்போதே விபினின் காலரைப் பிடித்து இழுத்தான். உடைந்த விளிம்பு, ஓலையிலிருந்து ஈர்க்குச்சி கீறுவதுபோல, உள்ளங்கையிலிருந்து விரல்வரை கீறிக்கொண்டு வந்தது. விபின் கத்தவில்லை. தன் கையைப் பார்த்தான். வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது. சிஜோ இன்னொரு அடிக்கு ஓங்கினான். ஓங்கிய முழங்கை பட்டு லேப்டாப் கவுண்டரிலிருந்து வழுக்கி, தலைகீழாகத் தரையில் விழுந்தது.

விபின் தரையில் உட்கார்ந்துவிட்டான். மடியெல்லாம் ரத்தம். கண் அந்த மெஷினின் அடிப்பக்கத்தில் நின்றது. எத்தனையோ மெஷினைத் திருப்பிப் பார்த்த கண், ஒரு நொடியில் பிடித்துவிட்டது. இடது கை விரலால் தடவிப் பார்த்தான்.

"இத ஆரு ஒட்டுனா?"

சிஜோவின் கை அந்தரத்தில் நின்றது. "நான்தான். உப்புக்காத்து ஏறாம இருக்க."

விபின் நிமிர்ந்து பார்த்தான். வாயிலிருந்து ரத்தம் வழிய, பல் ஒடிந்த இடத்தில் காற்று வர, மெதுவாகத்தான் கேட்டான். "நீங்க கடலுக்குப் போற ஆளுதானே? எஞ்சினுக்குத் தண்ணி ஏறுத ஓட்டைய ஒரு பிளாஸ்டிக் கவரு வந்து மூடிச்சுன்னா என்னாவும்?"

கடப்புறத்தில் அது தெரியாத பிள்ளை கிடையாது. எஞ்சினின் காலில் தண்ணீர் ஏறுகிற துளை உண்டு. அந்தத் தண்ணீர்தான் எஞ்சினைக் குளிர வைக்கும். அது அடைத்தால் ஐந்து நிமிஷத்தில் சூடேறி, இறுகி, நடுக்கடலில் பிணமாகிவிடும். சிஜோ எத்தனை தடவை அலைக்குள் குதித்து, மூச்சடக்கி, அந்தத் துளையிலிருந்து கவரைப் பிய்த்து எடுத்திருக்கிறான்! இந்த மெஷினுக்குத் தண்ணீர் கிடையாது, காற்றுதான் தண்ணீர். இதை அவனுக்கு எவனும் சொல்லவில்லை. சொன்ன இடத்தில் அவன் இல்லை.

ஓங்கிய கை தானாக இறங்கியது.

அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் உள்ளே பாய்ந்துவிட்டார்கள். இரும்புக் கம்பி ஒன்று முதுகில் இறங்கியது. செருப்புக்கால் விலாவில் இறங்கியது. யாரோ தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் ஓடியது. சிஜோ ஒரு கையைக்கூட உயர்த்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்கிக்கொண்டு நின்றான். விபினின் கையைத் துண்டால் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏறும்போது பெமிலா திரும்பி, "நீ நல்லா இருக்க மாட்ட!" என்று கத்தியது மட்டும் அவன் காதில் தெளிவாக விழுந்தது.

போலீஸ் ஜீப்பும் அபினாவின் ஆட்டோவும் முன்னும் பின்னுமாக வந்தன. அபினா உள்ளே வந்து, உடைந்த கண்ணாடியையும் ரத்தத்தையும் பார்த்தாள். கீழே தலைகீழாகக் கிடந்த மெஷினைப் பார்த்தாள். நெருங்கிக் குனிந்தாள். யாரும் அவளுக்கு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடித் தூளுக்கு நடுவில் மண்டியிட்டு, நகத்தால் டேப்பை ஒவ்வொன்றாக உரித்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியது, லேசில் வரவில்லை. நகம் உடைந்தது. எட்டு வரிசையையும் உரித்த பிறகு மெஷினைத் திருப்பி ஆன் செய்தாள். மூடியின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. படகைத் திறந்து கணக்கை ஓட விட்டாள். ஃபேன் அலறியது. அந்த இரைச்சலில் படகு திருப்பிய கையோடு திரும்பியது.

"அபினா" என்றான் சிஜோ. "மக்கா, நான் ஒனக்கு வேண்டித்தான்..."

அவள் மெஷினை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள். அண்ணனை ஜீப்பில் ஏற்றியதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

*

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வேளாங்கண்ணி ஸ்டேஷனுக்கு இட்லி கொண்டுவந்தாள். சிஜோ முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது.

"இருக்காளா?" என்றான்.

"ஒம்பது மணிக்குக் கதவ அடச்சுட்டு இருக்கா."

"சத்தம் கேக்குதா? அந்த ஃபேனு?"

"தெருமுக்கு வரைக்கும் கேக்குது சவம்" என்றாள் வேளாங்கண்ணி. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அந்தப் பய கைக்கு நேத்து அஞ்சு மணிக்கூறு ஆபரேசனாம். நான் போனேன். பெமிலா பிள்ள என்னைய உள்ள விடல."

சிஜோ இட்லியைத் தொடவில்லை.

பத்திரம் முறிந்தது. புது வழக்கும் சேர்ந்தது. நாகர்கோவில் ஜெயிலில் போட்டார்கள். முதல் மாதம் வேளாங்கண்ணி மட்டும்தான் மனுப் போட்டுப் பார்க்க வந்தாள். அபினா வந்தது நாற்பதாவது நாள். கம்பி வலைக்கு அந்தப்பக்கம் நின்றாள். மெலிந்திருந்தாள்.

"வேல கெடச்சுட்டு" என்றாள். "திங்கக்கெழம கொச்சிக்குப் போறேன்."

சிஜோ வலையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். சிரிப்பும் கூடவே வந்தது. "நின்னு போச்சா மக்கா? நடுவுல எங்கயும் நின்னு போச்சா?"

"நிக்கல. நாலு மணிக்கூறும் ஓடிச்சு. நல்ல மெஷின். அவரு சரியாத்தான் சொல்லித் தந்தாரு." வலையைவிட்டு அரையடி பின்னால் நகர்ந்தாள். "நேத்து விபின் அண்ணனப் பாக்கப் போனேன். ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் மடங்காது. நரம்பு போச்சு. ஊசி பிடிக்க முடியாது. ரிப்பேர் சாமானையெல்லாம் வேற ஆளுக்கு வித்துட்டாவ."

"நான் அறியாம..."

"அவரு கேட்டாருல்லா, மறிச்சுப் போட்டுப் பாக்கட்டான்னு? குடுத்திருந்தா ரெண்டு நிமிசம். டேப்ப உரிச்சுத் தந்து சாயா வாங்கித் தந்திருப்பாரு."

சிஜோ வலையிலிருந்து கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கையக் காட்டு" என்றாள் அபினா.

"எதுக்குட்டி?"

"காட்டு."

இரண்டு கையையும் வலையோரம் தூக்கினான். ஆன்ட்ரூசின் தாடையை உடைத்த முட்டி. வேன் கண்ணாடி கீறிய தழும்பு.

"மடக்கு. ஒண்ணொண்ணா."

சுண்டுவிரலிலிருந்து தொடங்கினான். அவள் உதடு அசையாமல் எண்ணினாள். கட்டைவிரல்வரை பார்த்தாள், பிறகு அடுத்த கையைப் பார்த்தாள். கடைசி விரல் மடங்கும்வரை கண்ணை எடுக்கவில்லை.

"ஒனக்குப் பத்தும் மடங்குது" என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். நேரம் முடிந்ததென்று வார்டர் வந்து தோளைத் தொட்டபோதும், சிஜோ மடக்கிய விரல்களைப் பார்த்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.